வீட்டுக்குள் இருக்கும் இயற்பியல்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு ஆண்டுகளாகப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். வகுப்பில் கை தூக்கிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் காய்கறிக் கடையில், பஸ் ஸ்டாப்பில், பெற்றோர் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரே சந்தேகம் பத்துப் பேரிடமிருந்து வரும்போது, எழுதி வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளிதானவை முன்னால், கொஞ்சம் சிக்கலானவை பின்னால்.

இயற்பியல்னா என்ன மிஸ்? ஒரே வரியில சொல்லுங்க.

பொருட்கள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன, எவ்வளவு நடந்துகொள்கின்றன என்று கேட்டு, அளந்து பார்த்துப் பதில் சொல்வது.

அந்த "எவ்வளவு" என்ற சொல்தான் எனக்கு முக்கியம். "வெயிலில் தண்ணீர் வற்றும்" என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வற்றும், காற்றடித்தால் எவ்வளவு கூடும் என்று கேட்கத் தொடங்கியதும் நீங்கள் இயற்பியலுக்குள் வந்துவிட்டீர்கள்.

எங்க அப்பா பௌதிகம்னு சொல்றாரு. அது வேற பாடமா?

அதே பாடம்தான். அப்பா படித்த காலத்துப் பாடநூல்களில் பௌதிகம் என்று இருந்தது. இலங்கைப் பள்ளிகளில் பௌதிகவியல் என்பார்கள்.

குக்கர்ல பருப்புக்கு எத்தனை விசில் வைக்கணும்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கணக்கு சொல்றாங்க.

எல்லோரும் சொல்வது அவரவர் அடுப்புக்கு, அவரவர் குக்கருக்குச் சரி. விசில் என்பது நேரத்தை அளக்கும் கடிகாரம் கிடையாது. உள்ளே நீராவி அழுத்தம் கூடி, மேலே உட்கார்ந்திருக்கும் வெயிட்டைத் தூக்கும்போது வரும் சத்தம் அது. தீயைப் பெரிதாக வைத்தால் அடுத்தடுத்து வரும். சிம்மில் வைத்தால் வரவே வராமல்கூட இருக்கும். பருப்பை வேக வைப்பது சூடும் நேரமும்தான்.

அந்த வெயிட்டை ஒரு நாள் கையில் எடுத்துப் பாருங்கள். இவ்வளவு சின்னதாக இருந்துகொண்டு குக்கர் முழுக்க இருக்கும் நீராவியை எப்படி அடக்குகிறது? அது உட்காரும் துளை மிகச் சிறியது என்பதால்தான். துளையின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் வெயிட் வைத்தாலே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற அழுத்தம் வரை அது தாங்கும். அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஏறக்குறைய இன்னொரு மடங்கு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். அந்தக் கூடுதல் 20 டிகிரிதான் பருப்பைச் சீக்கிரம் குழைய வைக்கிறது.

வெயிட் தூக்கிவிட்டால் உள்ளே சூடு அதற்கு மேல் ஏறாது. எவ்வளவு தீ வைத்தாலும் நீராவியாக வெளியே போகும், கேஸ்தான் வீண். அதனால் முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து நிமிடக் கணக்குப் பாருங்கள். இன்னொன்று: மூடுவதற்கு முன் வெயிட் துளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும். ஒரு பருப்புத் தோல் அடைத்துக்கொண்டால் போதும், அழுத்தம் வெளியேற வழி இருக்காது. அப்போது காப்பாற்ற ஒரு சேஃப்டி வால்வு இருக்கிறது. அதற்குள் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும் உலோகக் கலவை இருக்கும். அது உருகிப்போனால் அதே கம்பெனி வால்வையே வாங்கி மாட்டுங்கள்.

ஊட்டிக்குப் போனப்ப சாதம் வேகவே இல்ல. தண்ணி நல்லாத்தான் கொதிச்சுது. அரிசி மோசமா?

அரிசிமேல் பழி போடாதீர்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நம் தலைக்கு மேல் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. முந்தைய பதிலில் குக்கருக்குள் நடந்ததற்கு நேர் எதிர் இது. தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் சூடு போதாது. மலையில் இருப்பவர்களுக்குக் குக்கர் வெறும் வசதிப் பொருள் அல்ல, அவசியம்.

மண்பானைத் தண்ணி எப்படி ஜில்லுனு ஆகுது? மண்ணுக்குக் குளிர்ச்சின்னு ஒரு குணம் இருக்கா?

மண்ணுக்கு அப்படி ஒரு குணம் இல்லை. காலிப் பானையைத் தொட்டுப் பாருங்கள், அறையில் உள்ள மற்ற சாமான்களின் சூடுதான் அதற்கும் இருக்கும். பானைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளிப்புறம் ஈரமாகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை 10 டிகிரி குறைக்க 10,000 கலோரியை வெளியேற்ற வேண்டும். வகுத்தால் வெறும் 17 கிராம்! மூன்று, நான்கு டீஸ்பூன் தண்ணீர் ஆவியானால், கணக்குப்படி ஒரு லிட்டர் 10 டிகிரி குளிர வேண்டும். நடைமுறையில் வெளியிலிருந்து சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் இதைவிட நிறையவே ஆவியாக வேண்டியிருக்கும்.

சென்னையில் இருக்கும் என் தங்கை, "உன் ஊர்ப் பானை இங்கே வேலை செய்யலை" என்று குறைப்படுவாள். பானை அதே பானைதான். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, அதனால் பானை ஈரம் சுலபமாக ஆவியாவதில்லை. மதுரை, திருச்சி பக்கத்து வறண்ட கோடைக் காற்றில் அது ஜோராக நடக்கும். அழகுக்காகப் பெயிண்ட் அடித்த பானை எந்த ஊரிலும் குளிராது, துளைகள் அடைபட்டுவிட்டன. உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பழசான பானைக்கும் அதே கதிதான். ஈர மணலின் மேல் பானையை வைக்கும் பழைய பழக்கம் நல்ல இயற்பியல்: அடியிலும் ஈரம், அடியிலும் ஆவியாதல்.

ஆளில்லாத ரூம்ல ஃபேன் போட்டு வெச்சா, நாம வரும்போது ரூம் கூலா இருக்குமா?

இருக்காது. ஒரு துளி சூடாகத்தான் இருக்கும். ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, நகர்த்துகிறது. நம் தோலில் உள்ள வியர்வை சீக்கிரம் ஆவியாகிறது. மண்பானைக்கு நடப்பது நமக்கும் நடக்கிறது. பானையில்லாத அறையில் காற்று மட்டும் என்ன செய்யும்? மோட்டார் இழுக்கும் கரண்ட் கடைசியில் வெப்பமாக அந்த அறையிலேயே தங்குகிறது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஃபேன் 75 வாட். 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் ஃபேன் 10 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் 30 வாட் அளவில் இருக்கிறது, அதே நேரத்துக்கு 0.3 யூனிட். இரவு முழுக்க ஃபேன் ஓடும் வீடுகளில் இந்த வித்தியாசம் பில்லில் தெரியும்.

தென்னை மரத்துல இருந்து தேங்காயும் குரும்பையும் ஒண்ணா விழுந்தா எது முதல்ல தரைக்கு வரும்?

ஏறக்குறைய ஒன்றாகவே வரும். இதை நம்ப மறுக்காத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. தேங்காயைப் பூமி அதிக விசையோடு இழுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கனமான பொருளை நகர்த்தவும் அதே அளவு அதிக விசை தேவைப்படுகிறதே! இரண்டும் சரிக்குச் சரி ஆகிவிடுவதால் வேகம் ஒரே மாதிரி ஏறுகிறது. காய்ந்த ஓலை மெதுவாக விழுவது காற்று தடுப்பதால். காற்றே இல்லாத நிலாவில் 1971-இல் அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் சேர்ந்து தரையைத் தொட்டன.

20 மீட்டர் உயரத் தென்னையிலிருந்து தேங்காய் கீழே வர 2 விநாடி. தரையை எட்டும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். தென்னை மரத்தடியில் கட்டில் போடாதே என்று பாட்டி சொன்னதற்கு இந்தக் கணக்கே போதும்.

கடையில எடைன்னு சொல்றாங்க, புத்தகத்துல நிறைன்னு இருக்கு. எது சரி?

நிறை என்பது பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது. கிலோ அதற்கான அலகு. எடை என்பது பூமி அதை இழுக்கும் விசை. நிலாவுக்குப் போனால் நிறை மாறாது, எடை ஆறில் ஒரு பங்காகும். கடைக்காரர் "எடை" என்றால் திருத்த வேண்டாம், பேச்சு வழக்கு அப்படித்தான். தேர்வில் மட்டும் கவனமாக இருங்கள்.

பஸ் பிரேக் போட்டா ஏன் முன்னால தள்ளுது? யாரு தள்றா?

யாரும் தள்ளுவதில்லை. பஸ்தான் நிற்கிறது, நீங்கள் போன வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறீர்கள். கம்பியைப் பிடித்த கை உங்களை நிறுத்துகிறது. இதுதான் நிலைமம்.

ஹெல்மெட்டைப் பற்றி இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மாணவர்களில் பாதிப் பேர் அதை பைக் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிறார்கள். வேகமாகப் போகும் தலை கடைசியில் எங்கேயாவது நிற்கத்தான் வேண்டும். எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. தார் ரோட்டில் நேராக மோதினால் ஓரிரண்டு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மகோல் நசுங்கி இரண்டு சென்டிமீட்டர் தூரம் கொடுத்தால், நிற்கும் தூரம் பத்து மடங்கு. மண்டையோட்டின் மேல் வரும் விசை பத்தில் ஒரு பங்கு. காப்பாற்றுவதில் பெரும்பங்கு அந்தத் தெர்மகோலுக்குத்தான். அது இல்லாத தொப்பி மாதிரி ஹெல்மெட் போலீஸுக்குக் காட்ட மட்டும் உதவும். வார் மாட்டாவிட்டால் முதல் அடியிலேயே பறந்துவிடும்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டு நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 40-இல் போகும்போது பழகிய கண், 80-இல் போகும்போது ஏமாற்றிவிடும்.

கரண்ட் கம்பியில காக்கா உட்காருது, ஒண்ணும் ஆகல. நாம தொட்டா மட்டும் ஏன்?

கரண்ட் ஓடுவதற்கு இரண்டு இடங்களுக்கு நடுவே மின்னழுத்த வேறுபாடு வேண்டும், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவதைப் போல. காக்கையின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம். நாம் தொடும்போது கை 230 வோல்ட்டில், கால் தரையில். உடம்பு வழியாகப் பாதை கிடைத்துவிடுகிறது. காக்கை ஒரு சிறகால் இன்னொரு கம்பியைத் தொட்டுவிட்டால் அதுவும் பிழைக்காது.

மழைக்காலத்தில் கம்பி அறுந்து விழுந்தால் பக்கத்தில் போகவே கூடாது, கம்பியைத் தொடாவிட்டாலும். ஈரத் தரையில் கம்பி விழுந்த இடத்திலிருந்து தள்ளிப் போகப் போக மின்னழுத்தம் படிப்படியாகக் குறையும். அகலமாக அடி வைத்தால் ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் இடையே வேறுபாடு வந்துவிடும். மாடுகள் இதனால் அதிகம் சாகின்றன. அவற்றின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே இருக்கும் தூரம் அதிகம்.

டெஸ்டர்ல கை வெச்சுத்தான் பாக்குறோம். அப்ப கரண்ட் நம்ம மேலயும் போகுதா?

போகிறது. டெஸ்டர் பல்பு எரிவதே உங்கள் உடம்பு வழியாகக் கரண்ட் தரைக்குப் போவதால்தான். ஆனால் உள்ளே ஒரு பெரிய மின்தடை வைத்திருக்கிறார்கள். அது பத்து லட்சம் ஓம் என்றால், 230-ஐ அதனால் வகுத்தால் 0.23 மில்லிஆம்பியர். உடம்புக்கு உறைக்காது. வீட்டில் பொருத்தும் கசிவு பிரேக்கர் 30 மில்லிஆம்பியர் கசிந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைப்பிடி உடைந்த டெஸ்டரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அந்த மின்தடையை நம்பித்தான் விரலை வைக்கிறோம்.

மூணு பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளம் என்று கேட்பார்கள். சொருகும்போது பாதுகாப்பு முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும் என்பதற்காக.

இண்டக்‌ஷன் அடுப்புல மண்சட்டி வெச்சா ஏன் சூடாகல?

அந்த அடுப்பு தானாகச் சூடாவதில்லை, பாத்திரத்தைத்தான் சூடாக்குகிறது. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கம்பிச் சுருளில் விநாடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் திசை மாறும் மின்னோட்டம் ஓடுகிறது. அதனால் காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி, அந்த மின்னோட்டம் பாத்திரத்தைச் சூடாக்குகிறது. மண்சட்டியில் மின்சாரம் ஓடாது, அதனால் சூடும் இல்லை. அலுமினியத்தில் ஓடும், ஆனால் தடை மிகக் குறைவு என்பதால் போதிய சூடு வராது. கடைக்குப் போகும்போது ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். பாத்திரத்தின் அடியில் அழுத்தமாக ஒட்டினால் வாங்கலாம்.

1831-இல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த விஷயம் இது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் இதே விதியில்தான் வேலை செய்கிறது.

வானம் நீலமா இருக்கறதாலதான் கடலும் நீலமா தெரியுதா?

ரொம்ப நாளாகப் பெரிய விஞ்ஞானிகளே அப்படித்தான் நினைத்திருந்தார்கள். முதலில் வானம்: காற்று மூலக்கூறுகள் நீண்ட அலைகளைவிடக் குறுகிய அலைகளை மிக அதிகமாகச் சிதறடிக்கின்றன. அலைநீளம் பாதியானால் சிதறல் பதினாறு மடங்கு. அதனால் நீலப் பக்கத்து ஒளி வானமெங்கும் பரவுகிறது. "அப்படியானால் ஊதாதானே தெரிய வேண்டும்?" என்று போன வருடம் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டான். சரியான கேள்வி. சூரிய ஒளியில் ஊதாவின் பங்கு குறைவு, நம் கண்ணும் ஊதாவை அவ்வளவாக உணர்வதில்லை.

இனிக் கடல். திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன் 1921-இல் இங்கிலாந்திலிருந்து 'நார்குண்டா' கப்பலில் திரும்பி வந்தபோது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். பார்த்ததோடு விடவில்லை. கையில் இருந்த சிறிய படிகக் கருவியால், தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து பிரதிபலித்து வரும் வான ஒளியை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை. அப்படியானால் அது வானத்தின் பிம்பம் அல்ல, கடலுக்குள்ளிருந்தே வருகிறது! தண்ணீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் எழுதினார். தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் பெரிய காரணம் என்பது இன்று தெளிவாகியிருக்கிறது.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கல்கத்தாவில் ஏழு ஆண்டுகள் வேலை செய்து, வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து, 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவுக்கு வந்து சேர்ந்தார். சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது, எந்தப் பொருளிலிருந்து சிதறியது என்ற அடையாளத்தோடு வருகிறது என்பதே அது. 1930-இல் நோபல் பரிசு. இன்று கையடக்க ராமன் கருவியை வைத்து, பாட்டிலைத் திறக்காமலே உள்ளே இருப்பது சரியான மருந்துதானா என்று பார்க்கிறார்கள்.

மிருதங்கத்துல அந்தக் கறுப்பு எதுக்கு டீச்சர்? அழகுக்கா?

இது என் மகனுக்கு மிருதங்கம் சொல்லித் தரும் இடத்தில் ஒரு அம்மா கேட்டது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் சேர்ந்து வரும். முழு எண் மடங்குகள் என்பதால் காதுக்கு ஒரே சுரமாக இனிக்கிறது. சாதாரணத் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் அப்படி வராது. 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒன்றோடொன்று சேராத எண்களில் வரும். அதனால்தான் வெறும் தோலில் தாளம் உண்டு, சுருதி சேராது.

மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) நடுவே சோற்றையும் இரும்புச் சத்துள்ள ஒருவகைக் கல்லின் பொடியையும் பிசைந்து, மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்து ஏற்றுகிறார்கள். நடுவில் தடிமன், ஓரம் போகப் போக மெலிவு. இந்தக் கறுப்புப் பூச்சின் பாரம் தோல் அதிரும் விதத்தையே மாற்றி, மேற்சுரங்களை இழுத்துக் கொண்டுவந்து முழு எண் மடங்குகளில் நிறுத்துகிறது. இதை 1920-இல் அளந்து எழுதியவரும் அதே ராமன்தான், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து. ராமன் அளப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, காதை மட்டும் வைத்து இந்த விடையைக் கண்டுபிடித்த தொழிலாளிகளின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை. எனக்கு அது உறுத்துகிறது.

மைக்ரோவேவ்ல சூடு பண்ணின சாப்பாட்டுல கதிர்வீச்சு தங்கிடுமா? செல்போன் டவர் பக்கத்துல வீடு எடுக்கலாமா?

தங்காது. விளக்கை அணைத்ததும் அறையில் வெளிச்சம் தங்காது அல்லவா, அது மாதிரி. கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லை எக்ஸ்-ரேவுக்கும் வானொலி அலைக்கும் பயன்படுத்துவதால் வரும் பயம் இது. பார்க்க வேண்டியது ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் எவ்வளவு ஆற்றல் என்பது. எக்ஸ்-ரே துகள் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும். செல்லில் உள்ள மரபுப் பொருளைச் சேதப்படுத்தும். மைக்ரோவேவ் துகளின் ஆற்றல் சாதாரண வெளிச்சத்தின் துகளில் ஏறக்குறைய இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. அதனால் அப்படிப் பிடுங்க முடியாது. அதிகமாகப் பட்டால் சூடாக்கும், அவ்வளவுதான். அடுப்புக் கதவில் இருக்கும் உலோக வலையைக் கவனியுங்கள்: அலையின் நீளம் 12 சென்டிமீட்டர், வலைக்கண் ஓரிரு மில்லிமீட்டர். அலை வெளியே வராது, வெளிச்சம் வரும், உள்ளே சாப்பாடு சுற்றுவது நமக்குத் தெரியும்.

செல்போன் அலையும் இதே வகைதான். 2011-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்த அலைகளை "ஒருவேளை காரணமாகலாம்" என்ற பிரிவில் வைத்தது. ஆதாரம் குறைவு, ஆனால் முழுக்கத் தள்ளிவிடவும் முடியவில்லை என்பதுதான் அந்தப் பிரிவின் பொருள். தூரம் இரண்டு மடங்கானால் அலையின் செறிவு நாலில் ஒரு பங்காகும். தள்ளி நிற்கும் டவரைவிடக் காதில் ஒட்டிப் பிடிக்கும் போன்தான் உங்களுக்குப் பக்கம். மனசு சங்கடப்பட்டால் ஹெட்போன் போட்டுப் பேசுங்கள்.

ஐன்ஸ்டீன் சொன்னதெல்லாம் நமக்கு எதுக்கு? தினசரி வாழ்க்கையில யாரு ஒளி வேகத்துல போறா?

போனில் வழி கேட்டுப் போகும்போது அவரைப் பயன்படுத்துகிறீர்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் அவற்றின் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோவிநாடி வேகமாக ஓடும். அவை விரைந்து போவதால் 7 மைக்ரோவிநாடி மெதுவாகும். மிச்சம் 38 மைக்ரோவிநாடி. ஒளி அந்த நேரத்தில் 11 கிலோமீட்டர் போய்விடும். இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் பிழை சேரும்; ஆட்டோக்காரர் உங்கள் தெருவைத் தேடி பக்கத்து ஊருக்குப் போய்விடுவார்.

அது வெறும் தியரிதானே மிஸ்? நாளைக்கு வேற ஒருத்தர் வந்து தப்புன்னு சொல்லிட்டா?

பேச்சில் தியரி என்றால் யூகம். இயற்பியலில் அதற்குக் கருதுகோள் என்று பெயர். பல முறை அளந்து, பொய்யாக்க முயன்று, நிலைத்து நின்ற விளக்கத்தைத்தான் கோட்பாடு என்கிறோம். முந்தைய பதிலில் சொன்ன 38 மைக்ரோவிநாடி ஒவ்வொரு நாளும் சோதிக்கப்படுகிறது.

வேறொருவர் வந்து திருத்துவதும் நடக்கும். நியூட்டன் கணக்கில் புதன் கோளின் சுற்றுப்பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) பிசகியது. மிக மிகச் சிறிய பிழை. ஐன்ஸ்டீன் 1915-இல் அதைச் சரியாக விளக்கினார். அதனால் நியூட்டன் குப்பைக்குப் போகவில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவில் இறங்கியதற்கு அடிப்படைக் கணக்கு நியூட்டனுடையதே. எந்த எல்லைக்குள் ஒரு விதி எவ்வளவு துல்லியம் என்று தெரிந்து பயன்படுத்துகிறோம்.

குவாண்டம் எனர்ஜி பதக்கம்னு ஒண்ணு விக்கிறாங்க. உடம்புக்கு நல்லதாமே?

வாங்காதீர்கள். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுக்கதிர்ப் பாதுகாப்பு ஆணையம், 5ஜி அலையிலிருந்து காப்பாற்றும் என்ற பெயரில் விற்ற பதக்கம், கைவளை முதலிய 10 பொருட்களைச் சோதித்து, அவற்றில் கதிரியக்கம் இருப்பதாக எச்சரித்தது. இல்லாத ஆபத்துக்குப் பயந்து, இருக்கும் ஆபத்தைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது எவ்வளவு கொடுமை! எலக்ட்ரானைப் பிடுங்கும் கதிர், பிடுங்காத கதிர் என்று மைக்ரோவேவ் கேள்வியில் சொன்னேனே, இது முதல் வகை.

உண்மையான குவாண்டம் உங்கள் வீட்டு எல்.இ.டி. விளக்கில் இருக்கிறது. படிகத்துக்குள் எலக்ட்ரான் ஓர் ஆற்றல் படியிலிருந்து இறங்கும்போது ஒளியாகிறது. படியின் உயரம்தான் நிறம். நீல நிறத்துக்கு ஏற்ற படிகம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. அதைச் செய்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு.

தங்கம் சுத்தமானு வீட்டுலயே தண்ணி வெச்சுப் பாக்கலாமா?

ஓரளவு பார்க்கலாம். நகைத் தராசு மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். நகையை எடை போடுங்கள். பிறகு தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, நகையை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், நகை விலக்கிய தண்ணீரின் அளவு. முதல் எண்ணை இதனால் வகுத்தால் அடர்த்தி. சுத்தத் தங்கம் 19.3. 22 காரட் ஏறக்குறைய 17.7, சேர்த்த உலோகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஒரு சவரன், அதாவது 8 கிராம், 0.45 கிராம் தண்ணீரை விலக்க வேண்டும். நூறில் ஒரு கிராம் காட்டும் தராசு இல்லாமல் முயற்சி செய்யாதீர்கள். வீணாக யாரையாவது சந்தேகப்படுவீர்கள். கல் பதித்தது, உள்ளே அரக்கு வைத்தது ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இதில் ஒரு பொறியும் உண்டு. டங்ஸ்டனின் அடர்த்தி 19.25. அதை உள்ளே வைத்துத் தங்க முலாம் பூசிய கட்டியைத் தண்ணீர் கண்டுபிடிக்காது. அதற்கு ஒலி வேண்டும்: தங்கத்துக்குள் ஒலி விநாடிக்கு 3,240 மீட்டர் போகும், டங்ஸ்டனுக்குள் 5,000-க்கும் மேல். மீயொலிக் கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்குக் கணக்கு வராது. நான் இயற்பியல் எடுக்கலாமா?

எடுக்கலாம். கணக்கு கூடவே பழகும், ஆனால் பழகியாக வேண்டும்; அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். தொடங்குவதற்கு வகுத்தலும் பொறுமையும் போதும்.

இதே கேள்வியோடு வந்த ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவியிடம், மண்பானைக் கணக்கை வீட்டில் செய்து பார் என்றேன். அவள் அப்பாவின் பழைய பேப்பர்க் கடைத் தராசில் ஐந்து லிட்டர் பானையை இரவு எட்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் ஏப்ரல் முழுக்க நிறுத்தாள். வறண்ட நாட்களில் இரவுக்கு 400 கிராம் வரை குறைந்தது. ஒரு நாள் மட்டும் 110 கிராம்தான். தராசு கெட்டுப்போச்சு மிஸ் என்று நோட்டை நீட்டினாள். அந்த வரிக்குப் பக்கத்தில் அவளே பென்சிலால் எழுதியிருந்தாள்: "ராத்திரி மழை."